மூடிய அறையில் கரிச்சட்டி வேண்டாம்: பனிக்கால நலம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகளும் இருபது நாள் குழந்தையும் எங்களோடு இருக்கிறார்கள். உறைபனி தொடங்கிவிட்டதால், இரவில் அவர்கள் படுக்கும் அறையில் கரிச்சட்டி வைத்து, கதவு சன்னல்களை அடைத்துவிடச் சொல்கிறார் என் தாயார். கங்கு நன்றாகக் கனிந்து புகை நின்றுவிட்டால் பயமில்லை என்கிறார். அவர் சொல்வது சரியா? – வாசகி, கோத்தகிரி

பேத்தியின் மேலும் கொள்ளுப்பேரக் குழந்தையின் மேலும் உள்ள பாசத்தால்தான் தங்கள் தாயார் அப்படிச் சொல்கிறார். ஆயினும், தயவுசெய்து அந்தச் சட்டியை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

புகை கண்ணை எரிக்கும், இருமவைக்கும். அதனால் நாம் விழித்துக்கொள்வோம். புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் கங்கிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் குறையக் குறையக் கரி அரைகுறையாக எரிந்து, அந்த வாயுவை மேலும் மேலும் உண்டாக்கும். சாம்பல் பூத்த பிறகும் அது நிற்பதில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்வதால், மூச்சு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கத் தொடங்குகின்றன. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். பனி பிடித்துவிட்டது என்று எண்ணி, இன்னொரு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு.

வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில், அறையில் கரி எரிந்தது என்பதை மறவாமல் முதலிலேயே சொல்லுங்கள். ஏனெனில், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இந்த வாயுவை ஆக்சிஜன் என்றே கணக்கிட்டு, 98 என்றுகூடக் காட்டிவிடும்.

குழந்தையைக் கதகதப்பாக வைக்க நெருப்பே தேவையில்லை. டயப்பரும் குல்லாயும் மட்டும் அணிவித்து, தாயின் வெற்று மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுங்கள். போர்வை குழந்தையின் முகத்தை மூடாமலும், அப்படி அணைத்திருக்கும்போது தாய் உறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பாதம் குளிர்ந்து வயிறு வெதுவெதுப்பாக இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்; வயிறும் சில்லிட்டு, குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தால், மார்போடு அணைத்தபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிப்பாட்டுவதை வெயில் ஏறிய நண்பகலுக்குத் தள்ளிவையுங்கள். தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டாமல் துண்டால் துவட்டினாலே போதும். அறையைச் சூடாக்கியே ஆகவேண்டுமென்றால் மின்சார ஹீட்டரைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகச் செருகி, கொசுவலைக்கும் போர்வைக்கும் மூன்றடியாவது தள்ளி வைத்து, படுக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: 72 வயதான என் தந்தை இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பனியிலும் விடியற்காலை ஐந்தரை மணி நடையை விடமாட்டேன் என்கிறார். தடுக்கலாமா? – வாசகர், குன்னூர்

நடையைத் தடுக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். குளிரில் இரத்த நாளங்கள் சுருங்குவதால் அழுத்தம் உயர்கிறது, இதயத்தின் சுமையும் கூடுகிறது. பொழுது விடியும் நேரமே குளிர் மிகக் கடுமையான நேரமும் ஆகும். வெயில் வந்தபின், காதையும் மார்பையும் மூடிக்கொண்டு அவர் தாராளமாக நடக்கலாம். இரத்த அழுத்தத்தை இந்த மாதங்களில் கூடுதலாக ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரையின் அளவைத் தாமாக மாற்றக் கூடாது. இருமலுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் முதியவர்கள் எளிதில் ஆளாவதால், ஆண்டுதோறும் போட வேண்டிய இன்ஃபுளுவென்சா தடுப்பூசியைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கால் குளிர்கிறதென்று வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உறங்கிவிட்டால் தோல் வெந்து கொப்புளித்த பிறகே தெரியவரும், அந்தப் புண் ஆறுவதும் கடினம். அவருக்கு வெந்நீர்ப் பை வேண்டாம். தடித்த காலுறை போதும்.

கேள்வி: மூன்று வயதுப் பேரனுக்குச் சளி. வீட்டில் மீதமிருக்கும் இருமல் மருந்தைக் கொடுக்கலாமா? – வாசகி, உதகை

கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரவோ கொடுக்கவோ கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான நீரும் கஞ்சியும் கொடுங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தை என்பதால் படுக்கும் முன் சிறிது தேனும் தரலாம். கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள், அது கவிழ்ந்தால் உடல் வெந்துவிடும். மூச்சு விடும்போது விலா எலும்புகளின் இடுக்கு உள்வாங்கினாலோ, மூச்சு வேகமாக இரைத்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.