காலி இடமும் கோடிக் கணக்கும்

கேள்வி: பெங்களூரின் நடு மையத்தில், எம்.ஜி. ரோடு, அல்சூர், அகரம் என்று ராணுவத்திடம் இத்தனை காலி இடம் கிடக்கிறது. வார இறுதியில் வந்து பரேடு செய்துவிட்டுப் போகிற பிராந்திய ராணுவத்தாருக்கு (டெரிட்டோரியல் ஆர்மி) ஊர் நடுவில் இடம் எதற்கு? தும்கூர் பக்கம் அனுப்பிவிட்டு இதை விற்றால் எத்தனை ஆயிரம் கோடி தேறும்? (வாசகர், மர்பி டவுன்)

பதில்: 'காலி' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் எதைக் காலி என்று சொன்னாலும் மறுநாள் அளவுச் சங்கிலியோடு ஆள் வந்துவிடுகிறது. தர்மாம்புதி ஏரியில் தண்ணீர் இல்லை, காலி என்றார்கள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வந்தது. சம்பங்கி ஏரி காலி என்றார்கள். கண்டீரவா ஸ்டேடியம் வந்தது. சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் மைதானம். கோல்ஃபுக்குப் பிறகு வருகிறேன், அது பழைய பகை.

ராணுவக் கணக்கில் காலியாக வைத்திருப்பதும் ஒரு பயன்பாடுதான். 1937-ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) நில விதிகளில் ஏ-1 என்றால் படை இப்போது பயன்படுத்தும் இடம். ஏ-2 என்றால் இப்போது பயன்பாடு இல்லாவிட்டாலும் ராணுவத் தேவைக்கென்று ஒதுக்கி வைத்த இடம். நெருப்பு பிடிக்காத நாளில் தீயணைப்பு வண்டி சும்மாதான் நிற்கும். அதற்காக அதைக் காய்கறி ஏற்ற வாடகைக்கு விடுவதில்லை. 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்தபோது சுமார் 5,000 வீரர்கள் இறங்கி அணைத்தார்கள். ஏரிக்கரையிலேயே அவர்கள் வளாகம் இருந்ததால்தான் அது முடிந்தது. தும்கூரிலிருந்து கிளம்பியிருந்தால் தும்கூர் ரோட்டில் கொரகுண்டேபாளையா சிக்னலில் நின்றிருப்பார்கள்.

பிராந்திய ராணுவம் 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கி வைத்தது. அடிப்படை ஏற்பாடே, பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவர் பகுதிநேரச் சிப்பாயாக இருப்பது. நகர்ப்புறப் பிரிவுகளின் பயிற்சி வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் நடக்கும். நான்கு மணி நேரம் ஒரு நாளாகக் கணக்காகும். அந்த நான்கு மணி நேரத்துக்குப் போக மூன்று, வர மூன்று என்று வைத்துப் பாருங்கள். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள், மூன்றாம் மாதம் பாதிப் பேர், ஆறாம் மாதம் வருகைப் பதிவேடு மட்டும் வரும்.

பரேடு மைதானத்தை மட்டும் வெளியே தள்ளிவிட்டு மற்றதை உள்ளே வைக்கலாமே என்பீர்கள். மைதானத்தோடு சேர்ந்தது 'கோத்', அதாவது துப்பாக்கி அறை. கனத்த சுவர், இரும்புக் கதவு, சங்கிலியில் கோத்த துப்பாக்கிகள், இருபத்து நாலு மணி நேரமும் காவல். கோத் ஓரிடம், மைதானம் வேறிடம் என்றால் ஒவ்வொரு ஞாயிறும் எண்ணி எடுத்து, லாரியில் ஏற்றி, ஆயுதக் காவலோடு கொண்டுபோய், மாலையில் எண்ணி வைக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அடுக்குமாடி கட்டிக் கீழ்த்தளத்தைத் தருகிறோம் என்று பில்டர்கள் சொல்லலாம். தோட்டா இருப்புக்கு மேல் மூன்று படுக்கையறை வீட்டை யாருக்கு விற்பார்களாம்?

சரி, கோடி. வழிகாட்டி மதிப்பை மொத்த ஏக்கரால் பெருக்கியிருப்பீர்கள். அந்த விலை ரோட்டை ஒட்டிய மனைக்கு உள்ளது. பெரிய நிலத்தில் சாலை, பூங்கா, பொதுப் பயன்பாடு கழித்தால் ஏறக்குறைய பாதிதான் மனையாகும். கோத், குடியிருப்பு, ஷெட், காம்பவுண்டு எல்லாவற்றையும் வேறிடத்தில் கட்டித் தரும் செலவும் அதில் கழியும். இதற்கு முன் பத்திரச் சிக்கல் வேறு: கண்டோன்மென்ட் என்ற பெயரில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் 1947-ல் இந்தப் பகுதி பிரிட்டிஷாரிடமிருந்து மைசூர் அரசிடம் திரும்பியதால், ராணுவப் பகுதியை நிர்வகிக்கும் கண்டோன்மென்ட் போர்டு இங்கே கிடையாது. ராணுவப் பதிவேடு ஒன்று சொல்லும், வருவாய்த் துறையின் பஹணி, அதாவது நில உரிமைப் பதிவு, இன்னொன்று சொல்லும்.

ரோட்டுக்கும் மெட்ரோவுக்கும் இடம் கொடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு வழி இருக்கிறது: கூட்டு அளவை, மரம், சுவர், கேபிள் என்று பட்டியலிட அதிகாரிகள் குழு, மதிப்பீடு, ஈடாகச் சம மதிப்பில் நிலம் அல்லது கட்டடம், டில்லி ஒப்புதல். பெரும்பாலும் இடறுவது நான்காவதில். மாநிலம் காட்டும் மாற்று நிலத்தில் ஏற்கெனவே யாராவது குடியிருப்பார், அல்லது கோர்ட்டில் தடை இருக்கும்.

இனி கோல்ஃப். தணிக்கைத் துறையின் 2010-11 அறிக்கை, நாடு முழுக்க 97 ராணுவ கோல்ஃப் மைதானங்கள் 8,000 ஏக்கருக்கு மேல் ஏ-1 நிலத்தில் இருப்பதாகச் சொன்னது. அவற்றுக்கு வைத்த பெயர் 'ராணுவச் சுற்றுச்சூழல் பூங்கா மற்றும் பயிற்சிப் பகுதி'. பயிற்சிதான், சந்தேகமில்லை, பந்து குழியில் விழும் வரை விடாத பயிற்சி. எதிரி பதினெட்டுக் குழிகளில் பதுங்கியிருந்தால் நாம் பிழைத்தோம். உங்களுக்கு எதையாவது விற்றே தீர வேண்டும் என்றால் வரிசையை அங்கிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பரேடுக்கு வரும் குமாஸ்தாவின் மைதானத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.