நீலகிரியில வீடு கட்ட மண்ணு வெட்டப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். குன்னூர் வட்டாரத்துல 26 வருஷமா கட்டட வேலை பாக்கற இன்ஜினியர் நான். மலையில மண்ணு வெட்டறது, தடுப்புச்சுவர், பர்மிஷன் பத்தி கேட்டவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சத கீழ சொல்லிருக்கேன்.

கேள்வி: அண்ணா, கோத்தகிரி பக்கம் சரிவுல 8 சென்ட் வாங்கிருக்கோம். சொந்த பட்டாதானே, ஜேசிபி விட்டா ஒரே நாள்ல லெவலாகிடும்னு மேஸ்திரி சொல்றாரு. விடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. பட்டா உங்க பேர்லயே இருந்தாலும் நீலகிரியில ஜேசிபி, பொக்லைன் இறக்க முன்னாடியே வருவாய்த்துறை அனுமதி வேணும், இல்லாம இறக்கினா வண்டியும் மாட்டும் நீங்களும் மாட்டுவீங்க. வெட்டின மண்ண லாரியில வெளிய கொண்டு போக கனிமவளத்துறை பர்மிட் தனி. மரம் நின்னா 1955ம் வருஷ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மாவட்டக் கமிட்டிய கேக்காம கைய வைக்கக் கூடாது. இதெல்லாத்தையும் விட, 8 சென்டயும் ஒரே தளமா ஆக்கணும்ங்கற நெனப்ப மொதல்ல விட்ருங்க. அப்படி வெட்டினா வீட்டுக்குப் பின்னாடி ரெண்டாள் உசரத்துக்கு மண்ணு செங்குத்தா நிக்கும், முன்னாடி கொட்டி நெரவின மண்ணு மழைக்கு மழை எறங்கிக்கிட்டே இருக்கும். உருளைக்கிழங்கு தோட்டத்துல படிப்படியா தட்டு போட்டிருக்காங்கல்ல, அது மாதிரி ரெண்டு மூணு தட்டா பிரிச்சு ஆள வெச்சு வெட்டுங்க, பிளானயும் அந்த தட்டுக்கு ஏத்த மாதிரி போடச் சொல்லுங்க.

கேள்வி: பழைய தேயிலைத் தோட்டத்த பிளாட் போட்டு விக்கறாங்க சார். ஹாகா அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம்னு புரோக்கர் சொல்றாரு, அட்வான்ஸ் குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. ஹாகா 1990ல இருந்து இருக்கற மலைப்பகுதி பாதுகாப்புக் குழு. அங்க ஃபைல் நகரணும்னா மண் அரிப்பு பத்தி வேளாண் பொறியியல் துறை, சரியுமான்னு புவியியல் சுரங்கத்துறை, அப்புறம் வனத்துறை, இவங்க எல்லாரும் இடத்த பாத்து எழுதிக் குடுக்கணும். அந்த லெட்டர் காப்பி எங்கன்னு கேளுங்க. மழை பேஞ்ச மறுநாள் ஒருதடவ அந்த இடத்துக்கு நடந்து போங்க. தேயிலைச் செடிய புடுங்கின மண்ணுல புடிச்சு நிக்க வேரே இருக்காது, கீழ ஓடையில தண்ணி செவப்பா போகுதுன்னா உங்க பிளாட்டுதான் கரைஞ்சு போயிட்டிருக்கு.

கேள்வி: சார், வீட்டுக்குப் பின்னாடி 10 அடி கல்லுக்கட்டு, ரெண்டு வருஷம்தான் ஆச்சு. நடுவுல வயிறு தள்ளிருக்கு, ஆனா ஓட்டைல இருந்து ஒரு சொட்டு தண்ணி கூட வரல. பயமில்லதானே?

பதில்: அக்கா, தண்ணி வராததுதான் பயமே. இன்னைக்கே அந்தப் பக்க ரூம்ல படுக்கறத நிறுத்துங்க. நம்ம மலையில மேல செம்மண்ணு, அடியில சார்னகைட் பாறை, நடுவுல வெளுத்த களிமண்ணு ஒண்ணு இருக்கும், நனைச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சா சோப்பு மாதிரி வழுக்கும். மேல எறங்கற தண்ணி அந்த களிமண்ணுல தேங்கி சுவர தள்ளும். 1993ல மரப்பாலம்ங்கற ஊர்ல, 2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் விடாம பேஞ்ச மழையில மலை எறங்குச்சே, 2009ல மட்டும் 40 பேருக்கு மேல போனாங்க. நான் பாத்த ஒரு சுவர்ல தண்ணி வடியற ஓட்டைக்கு வெக்கற வீப் ஹோல் பைப்பு எல்லாம் வரிசையா அழகா இருந்துச்சு, கம்பிய விட்டா ஒரு சாண்ல நின்னுடுச்சு, கட்டும்போது விழுந்த கலவை உள்ளயே எறுகிப் போயிருக்கு. குத்தி எடுத்ததும் சேத்துத் தண்ணி பீச்சி அடிச்சது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. நீங்க இப்ப சுவருக்கு முன்னாடி போயி நோண்டாதீங்க. மேல தார்ப்பாய் போட்டு மூடுங்க, சுவருக்கு மேல்பக்கமா வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணிய திருப்பி விடுங்க, செப்டிக் டேங்க் ஊறுகுழி மேல இருந்தா அதயும் மாத்துங்க. புதுசா கட்டும்போது சுவருக்குப் பின்னாடி ஜல்லி நிரப்பாம மண்ணு தள்ள விடாதீங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க.

கேள்வி: எந்த மாசம் மண்ணு வேலை ஆரம்பிக்கலாம்? நான் கூடலூர்.

பதில்: உங்களுக்கு ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. ஜனவரில ஆரம்பிச்சு கோடை மழைக்கு முன்ன சுவர முடிச்சிருங்க. கூடலூர்ங்கறதால ஜென்மம் நிலம் (பழைய ஜமீன் மாதிரி எஸ்டேட் நிலம்), அத ஒழிச்ச சட்டத்தோட செக்‌ஷன் 17ல உரிமை தீராம கெடக்கற பிரச்சனை உங்க சர்வே நம்பர்ல இருக்கான்னு அதுக்கும் முன்னாடியே பாருங்க.

கேள்வி: மேல வீடு கட்டறவங்க மண்ண ஓடையில தள்றாங்க, சொன்னா கேக்கல.

பதில்: தேதியோட போட்டோ எடுத்து தாசில்தாருக்கும் கோட்டாட்சியர் ஆர்டிஓவுக்கும் எழுதிக் குடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் குடுங்க. மழை நேரத்துல தண்ணி அடைச்சு நின்னா காத்திருக்காதீங்க, உடனே மாவட்ட பேரிடர் கன்ட்ரோல் ரூம் 1077க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: கடக்கால் தோண்டற கூலி வேலைக்கு போறேன் அண்ணா. குழிக்குள்ள எறங்க பயமா இருக்கு, சொன்னா வேலை போயிடும்.

பதில்: உங்க பயம் நியாயம்ப்பா. 2024 பிப்ரவரில லவ்டேல்ல பழைய கட்டடத்த ஒட்டி தோண்டினப்ப அது சரிஞ்சு விழுந்து வேலைக்கு வந்த 6 பொம்பளைங்க செத்துப் போனாங்க. தோண்டின மண்ண குழி விளிம்புலயே குவிக்க விடாதீங்க, குழி எவ்ளோ ஆழமோ அவ்ளோ தூரமாவது தள்ளிப் போடச் சொல்லுங்க. பழைய சுவர ஒட்டி நீளமா ஒரே வெட்டா வெட்டாம துண்டு துண்டா வெட்டி அப்பப்ப கட்டிட்டு நகரணும். மேல ஒருத்தர் வேற வேலை பாக்காம விரிசல் விடுதான்னு பாத்துக்கிட்டே நிக்கணும், இத சைட் இன்ஜினியர்கிட்ட என் பேர்ல கூட சொல்லுங்க. மழை பேஞ்ச மறுநாள் காலையில அவர் வந்து பாக்காம யாரும் எறங்காதீங்க.