கான்சல் ரோஜர் கேஸ்மென்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரோஜர் கேஸ்மென்ட்டைச் சிலர் தூதர் என்கிறார்கள், சிலர் கான்சல் என்கிறார்கள். எது சரி?

பதில்: கான்சல். அன்றைய பிரிட்டனில் இவை இரண்டும் வெவ்வேறு பணிகள். தூதரகப் பணியில் நுழைய ஆண்டுக்கு 400 பவுண்டு சொந்த வருமானம் வேண்டும். 1919 வரை அதுதான் விதி. ஆகவே அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் இடம். கான்சலுக்கோ துறைமுகம்தான் உலகம். கப்பல் தாள்களைச் சரிபார்ப்பது, வணிக அறிக்கை எழுதுவது, சிக்கலில் மாட்டிய மாலுமியை மீட்பது என்று அன்றாடம் ஓடும். 1864-இல் டப்ளின் அருகே பிறந்த கேஸ்மென்ட், லொரென்சோ மார்க்கெஸ் (இன்றைய மாபுட்டோ), லுவாண்டா, காங்கோ, பிறகு பிரேசிலில் சான்டோஸ், பெலேம், ரியோ என இந்த வேலையையே பார்த்தார். சாட்சிகளையும் கணக்கையும் நம்பும் பழக்கம் அவருக்கு இங்கேதான் படிந்தது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: 1903 காங்கோ அறிக்கையை அவர் எப்படித் தயாரித்தார்? அதை ஏன் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை?

பதில்: காங்கோ அப்போது பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்த உடைமை போல நடந்தது. ஊர் மக்களை ஆயுதம் காட்டி மிரட்டி ரப்பர் சேகரிக்கவைத்தார்கள். 1903 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அங்குள்ள கொடுமைகள் பற்றித் தீர்மானம் போட்டதும், கேஸ்மென்ட் காங்கோ ஆற்றின் மேல்பகுதிக்குப் புறப்பட்டார்.

அவர் எடுத்த முதல் முடிவே பாதி வெற்றி. அரசுப் படகில் ஏறினால் அதிகாரிகள் காட்டும் ஊரைத்தான் பார்க்க முடியும். பேச வருபவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனின் ‘ஹென்றி ரீட்’ என்ற சிறு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்தார். 1880-களில் அதே ஆற்றங்கரையில் வேலை பார்த்தவர் என்பதால், பழைய நிலையோடு ஒப்பிட அவரால் முடிந்தது. ஆற்றங்கரை ஊரான போலோபோவில் முன்பு 40,000 பேர். இப்போது 7,000 அல்லது 8,000 பேர்தான் என்று எழுதினார். தூக்க நோயும் ஒரு காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் மற்ற சாட்சியங்களுக்கும் எடை கூட்டியது.

கை வெட்டும் கொடுமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. தோட்டா வீணாகவில்லை என்று காட்ட, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் படையாட்கள் ஒரு வலது கையைக் காட்ட வேண்டும். விலங்கு வேட்டையில் தோட்டா செலவானால், உயிரோடிருப்பவரின் கையை வெட்டி அந்தக் கணக்கை நேர் செய்தார்கள்.

சறுக்கலும் உண்டு. எபொண்டோ என்ற இளைஞனின் கையை ரப்பர்க் காவலாள் வெட்டினான் என்று பதிவு செய்தார். பிறகு அந்த இளைஞன், காட்டுப்பன்றி கடித்தது என்று மாற்றிச் சொன்னான். லியோபோல்ட் தரப்பு இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு வெளியுறவுத் துறை ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டு 1904 பிப்ரவரியில் வெளியிட்டது. கேஸ்மென்ட் கொதித்தார். ஊரும் பேரும் இல்லாத சாட்சியத்தைக் கட்டுக்கதை என்று சொல்வது எளிதல்லவா? ஆனால் லியோபோல்டே அமைத்த விசாரணைக் குழு 1905-இல் முக்கியக் குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. 1908-இல் காங்கோ அரசரிடமிருந்து பெல்ஜிய அரசின் கைக்குப் போனது.

கேள்வி: பெருவின் புட்டுமாயோ காட்டுக்குள் பிரிட்டிஷ் கான்சல் போக என்ன உரிமை?

பதில்: இரண்டு பிடிமானங்கள். ரப்பர் எடுத்த ஹூலியோ அரானாவின் நிறுவனம் லண்டனில் பதிவானது. அதன் மேற்பார்வையாட்கள் பலர், அன்று பிரிட்டன் வசமிருந்த பார்படோஸ் தீவுக்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் குடிமக்கள். 1910-இல் அவர்களில் 30 பேரை விசாரித்து, பழங்குடியினரை எப்படி அடித்து வேலை வாங்கினார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். 1911-இல் சர் பட்டம்.

கேள்வி: ஒரு காற்புள்ளி அவரைத் தூக்கில் போட்டது என்கிறார்களே?

பதில்: 1913-இல் ஓய்வு பெற்றவர், முதல் உலகப் போர் மூண்டதும், பிரிட்டன் ஆட்சியிலிருந்த அயர்லாந்தின் விடுதலைக்கு ஜெர்மனியின் உதவி தேடிப் போனார். 1916 ஏப்ரல் 21 அன்று நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கெர்ரி கடற்கரையில் இறங்கி, அன்றே பிடிபட்டார். வழக்கு 1351-ஆம் ஆண்டின் ராஜதுரோகச் சட்டத்தின் கீழ் நடந்தது. அவர் செயல்பட்டது ஜெர்மனியில். ‘நாட்டுக்குள், அல்லது வேறெங்கும்’ என்ற சொற்றொடர் எதிரிக்குத் தரும் உதவியை மட்டும் குறிக்கிறதா, அல்லது எதிரியோடு சேர்ந்த ஆள் வெளிநாட்டில் இருந்தாலும் பொருந்துமா என்பதுதான் வாதம். சட்டத்தின் பழைய நார்மன் பிரெஞ்சு மூலத்தில் நிறுத்தக்குறிகள் உறுதியாக இல்லாததால் காற்புள்ளிப் பேச்சு வந்தது. நீதிமன்றம் இரண்டாவது பொருளையே ஏற்றது. ஆகஸ்ட் 3 அன்று லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கு. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடலோரத்து மர்லோ விரிகுடாவில் புதைக்கும்படி கேட்டிருந்தார். 1965-இல் அவரது எச்சங்கள் அயர்லாந்துக்குத் திரும்பின. ஆனால் ஆன்ட்ரிம் இன்னும் பிரிட்டன் வசமிருந்ததால், டப்ளினின் கிளாஸ்நெவின் கல்லறையில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.