கேப்பிட்டல்: ஊரா, கட்டடமா?

கேள்வி: செய்தி மொழிபெயர்ப்பு செய்கிறேன். 'யுஎஸ் கேப்பிட்டல்' என்பதை 'அமெரிக்கத் தலைநகர்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். வாஷிங்டன் தலைநகர்தானே, இதில் என்ன தப்பு?

பதில்: ஆசிரியர் அடித்தது சரிதான். ஆங்கிலத்தில் 'கேப்பிட்டல்' என்று ஒலிப்பவை இரண்டு சொற்கள், உச்சரிப்பு மட்டும் ஒன்று. கடைசி 'எல்' எழுத்துக்கு முன்னால் 'ஏ' இருந்தால் தலைநகர், மூலதனமும் அதுவே. 'ஓ' இருந்தால் சட்டமியற்றும் அவை கூடும் கட்டடம்; 'யுஎஸ் கேப்பிட்டல்' இந்த வகைதான். தமிழில் இரண்டும் ஒரே மாதிரி விழுவதால், மூலத்தில் அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் தப்பிக்க வழியில்லை.

'ஓ' போட்ட சொல் ரோமிலிருந்து வந்தது. அந்நகரின் ஏழு குன்றுகளில் ஒன்றான கேப்பிட்டோலைன் மேல் ஜூப்பிட்டர் என்ற கடவுளின் கோயில் இருந்தது. அதற்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு மனிதத் தலை கிடைத்ததாம். லத்தீனில் தலைக்கு 'கபுட்', அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள். கதை அழகுதான், பெயருக்காகக் கட்டிய கதை மாதிரியும் இருக்கிறது. தலைநகரைக் குறிக்கும் சொல்லோ சந்தேகமில்லாமல் 'கபுட்'டிலிருந்து வந்ததே. வேடிக்கை என்னவென்றால், ரோமானிய செனட் வழக்கமாகக் கூடிய இடம் அந்தக் குன்று அல்ல. கீழே ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்தின் பக்கம் இருந்த கியூரியா என்ற மண்டபம்.

கோயில் பெயரைச் சட்டமன்றத்துக்குச் சூட்டியது அமெரிக்கர்கள். வர்ஜீனியாக் குடியேற்றத்தின் வில்லியம்ஸ்பர்க்கில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பெயரில் ஒரு கட்டடம் எழுந்தது. பிறகு 1791இல் வாஷிங்டன் நகருக்குத் திட்டம் வரைந்த லான்ஃபான் 'காங்கிரஸ் ஹவுஸ்' (காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்) என்று குறித்ததை, அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் 'கேப்பிட்டல்' என்று மாற்றவைத்தார். 1793இல் ஜார்ஜ் வாஷிங்டன் அடிக்கல் நாட்டினார்.

சரி, எப்படி எழுதுவது? 'அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம்' போதும். டெக்சஸின் ஆஸ்டினில் உள்ளது என்றால் 'மாநிலச் சட்டமன்றக் கட்டடம்'. 'கேப்பிட்டல் ஹில்' பெரும்பாலும் குன்றைச் சொல்வதில்லை. அங்கே 'நாடாளுமன்றம்' என்றே போடுங்கள். பாஸ்டன் போன்ற சில இடங்களில் இதே கட்டடத்துக்கு 'ஸ்டேட் ஹவுஸ்' என்று பெயர், அதை 'அரசு இல்லம்' ஆக்கிவிடாதீர்கள்.

நம் நாட்டில் சண்டிகரில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். லெ கார்பூசியே வடிவமைத்த அங்குள்ள கேப்பிட்டல் வளாகத்தில் சட்டமன்றத்தோடு தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. அதனால் அங்கே 'கேப்பிட்டல் வளாகம்' என்றே விடுங்கள். பஞ்சாப், ஹரியாணா இரண்டுக்கும் தலைநகர் சண்டிகர் என்பதால், 'தலைநகர் வளாகம்' என்று எழுதினால் பிழை யார் கண்ணிலும் படாமல் அச்சுக்கே போய்விடும்.