நிபுணர் ஆலோசனை: கடைத் தரவுத்தளத்தின் மாற்றங்கள் ஏன் தவறிப்போகின்றன?

கேள்வி: டர்பனில் மசாலாப் பொருள்களை மொத்தமாக விற்கும் கடை வைத்திருக்கிறோம், டோங்காட்டில் ஒரு கிளை உண்டு. விற்பனை மென்பொருள், மைக்ரோசாஃப்டின் இலவசப் பதிப்பான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தில் எழுதுகிறது. இணைப்பு மென்பொருள் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, பில்களைக் கணக்கு மென்பொருளுக்கும் விலை மாற்றங்களை எங்கள் இணையக் கடைக்கும் அனுப்புகிறது. சில பில்கள் போய்ச் சேருவதில்லை. சில இருமுறை போகின்றன. மாதக் கட்டணத்தில் 'உடனடி' அமைப்பு ஒன்றை வாங்கச் சொல்கிறார் எங்கள் ஆலோசகர். வாங்கலாமா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். தங்கள் சிக்கலுக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. 'உடனடி' என்ற பெயரில் இங்கே விற்கப்படுவதைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அதே பழைய வேலையை ஐந்து நொடிக்கு ஒருமுறை செய்யும் நிரலாகவே அது இருக்கிறது.

தங்கள் இணைப்பு மென்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் தான் பார்த்த கடைசி நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் அதற்குப் பிந்தைய நேரம் உள்ள பதிவுகளை மட்டும் கேட்கிறது என்றே தெரிகிறது. பில்லில் பதியும் நேரமோ, பல விற்பனை மென்பொருள்களில், பில்லைத் திறந்த நேரமாக இருக்கும். வாடிக்கையாளர் ஒருவருக்கு 10 மணி 5 நொடிக்குப் பில்லைத் திறக்கிறீர்கள். அவர் மல்லித்தூள் மறந்துவிட்டதென்று உள்ளே போய்த் திரும்புகிறார். 10 மணி 2 நிமிடத்துக்குப் பில் சேமிக்கப்படுகிறது. இடையில் பக்கத்துக் கவுண்டரில் 10 மணி 1 நிமிடத்துக்குத் திறந்த பில் முடிந்து, அந்த நேரத்தை இணைப்பு மென்பொருள் குறித்துக்கொண்டிருந்தால், முதல் பில் அதன் கண்ணில் என்றைக்கும் படாது. கவுண்டர்க் கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒரு நிமிடம் முன்பின்னாக ஓடினாலும் இதே கதைதான். இதைக் கண்ட யாரோ ஒருவர், ஐந்து நிமிடம் பின்னோக்கிப் பார்க்கும்படி அதை மாற்றியிருப்பார். இருமுறை போகும் பில்கள் அங்கிருந்து வருகின்றன.

ஆகவே நேரத்தை விட்டுவிட்டு, தரவுத்தளம் தானே வைத்திருக்கும் வரிசை எண்ணைப் பின்பற்றச் செய்யுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே சேஞ்ச் டிராக்கிங் என்ற வசதி இருக்கிறது. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பிலும் அது வேலை செய்யும். முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் எண் போன்றது) உள்ள எந்த அட்டவணைக்கும் அதை இயக்கலாம். எந்தப் பதிவு சேர்ந்தது, மாறியது, நீக்கப்பட்டது என்பதை, அது தரவுத்தளத்தில் உறுதியாகப் பதிவான வரிசைப்படி எண்ணிட்டு அது சொல்லும். பழைய விலை என்ன என்று அது சொல்லாது. தங்களுக்கு அது தேவையும் இல்லை. இதன் பெரிய அண்ணனான, பழைய மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் சேஞ்ச் டேட்டா கேப்சரைத்தான் ஆலோசகர்கள் விரும்பிப் பரிந்துரைப்பார்கள். அதற்கு வேண்டிய ஏஜென்ட் (பின்னணி வேலைகளை ஓட்டும் துணை நிரல்) எக்ஸ்பிரஸ் பதிப்பில் கிடையாது என்பதால் உரிமத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். அங்கே அவர்களுக்கு ஒரு தரகும் இருக்கலாம்.

மாற்றக் குறிப்புகள் இயல்பாக 2 நாள் மட்டுமே வைக்கப்படும். டிசம்பர் 25, 26 விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்து இணைப்புக் கணினி அணைந்து கிடந்தால் குறிப்புகள் அழிந்திருக்கும்; எனவே அதை 14 நாளாக உயர்த்தச் சொல்லுங்கள்.

டிரிக்கர் (பதிவு மாறும்போது தரவுத்தளம் தானாகவே ஓட்டும் நிரல்) எழுதித் தருகிறேன் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எஸ்கியூஎல் சர்வரில் டிரிக்கர் ஒரு கட்டளைக்கு ஒருமுறைதான் ஓடும், ஒரு பதிவுக்கு ஒருமுறை அன்று. இதை அறியாதவர் எழுதிய டிரிக்கரில், புரட்டாசி விற்பனைக்காக நாற்பது பொருள்களின் விலையை ஒரே கட்டளையில் மாற்றினால் இணையக் கடையில் ஒன்று மட்டும் மாறும். இதைவிட மோசமானது, டிரிக்கருக்குள்ளிருந்தே இணையத்துக்குச் செய்தி அனுப்புவது. செய்தி போய்ச் சேரும்வரை பில் முடிவதில்லை. இணைய இணைப்பு அறுந்த ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்க, ஒரு பில்லும் சேமிக்க முடியாமல் கையால் எழுதிக் கொடுத்த கடையை நான் பார்த்திருக்கிறேன். தரவுத்தளத்தில் எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்ஏ' கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவருக்கும் அதைக் கொடுக்காதீர்கள். பதிவுகளைப் படிக்கவும் மாற்றக் குறிப்புகளைப் பார்க்கவும் மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு போதும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்கள் இணைப்பு வேலை செய்பவரின் கைக்குப் போவதால், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள, தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டமான போப்பியாப்படி அவரோடு எழுத்துமூல ஒப்பந்தமும் வேண்டும்.

வரிசை எண்ணைப் பின்பற்றும் முறைக்கு ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மின்வெட்டில் தரவுத்தளம் பழுதாகி, முந்தைய இரவின் பேக்கப்பை மீட்டெடுத்தீர்கள் என்று கொள்வோம். தரவுத்தளத்தின் மாற்ற வரிசை எண் 5,000இலிருந்து 4,600க்குப் பின்வாங்கிவிடும். இணைப்பு மென்பொருளோ 5,000ஐ நினைவில் வைத்துக் காத்திருக்கும். இடையில் வரும் நானூறு மாற்றங்களும் சத்தமின்றித் தொலையும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. தன் எண் தரவுத்தளத்தின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் நின்றுவிடும்படி அதை அமைக்கலாம். ஆனால் அது மறுபடி பார்ப்பதற்குள் விற்பனை 5,000ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சோதனையும் ஏமாறும். எனவே பேக்கப்பை மீட்டால், முதல் பில் போடுவதற்கு முன் இணைப்பு மென்பொருளை நிறுத்தி, இரு பக்கத்தையும் முழுமையாக ஒப்பிட்டு, எண்ணைப் புதிதாகத் தொடங்குங்கள். இதைத் தாளில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

இருமுறை போவதை அனுப்பும் பக்கத்தில் முற்றாகத் தடுக்க முடியாது. அனுப்பி முடித்து, எண்ணைக் குறிப்பதற்குள் மின்சாரம் போனால் மீண்டும் அனுப்பத்தான் செய்யும். ஒரே பில் எண் மறுபடி வந்தால் கணக்கு மென்பொருள் அதை ஒதுக்க வேண்டும்.

தரவுத்தளத்தைத் தொட்டால் பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது என்று விற்பனை மென்பொருள்காரர் சொல்வார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தாங்களாக ஒரு வழியும் திறந்துவைப்பதில்லை, நம் பில் நம்முடையதா அவர்களுடையதா என்று கேட்கத் தோன்றுகிறது. சேஞ்ச் டிராக்கிங் அவர்களுடைய அட்டவணைகளில் ஒரு நெடுவரிசையைக்கூடச் சேர்ப்பதில்லை என்பதைச் சொல்லி, சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு மாலை சோதித்துப் பாருங்கள். இணைப்புக் கணினியை அணைத்துவிட்டு, மூன்று விலைகளை ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒரு பில்லைத் திறந்துவைத்து, அடுத்த பில்லை முடித்த பிறகு அதைச் சேமியுங்கள். முன்பே அனுப்பப்பட்ட வேறொரு பில்லை ரத்து செய்யுங்கள். பிறகு கணினியை இயக்கி, மூன்று விலை, இரண்டு பில், ஒரு ரத்து ஆகியவை மறுபக்கத்தில் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.