மயக்க வாயு கொடுக்கும்போதே நாய்க்கு வலி மருந்தையும் ஏன் ஏற்றுகிறார்கள்?

கீழக்கரைக்காரர் ஒருவரின் கேள்வி இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதி அவர் நாய்க்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது, மதுரையில் ஆபரேஷன். ஐசோஃப்ளூரேன் வாயுவில் தூங்க வைத்துவிட்டு, நரம்பில் ஃபென்டனில், லிக்னோகெயின், கெட்டமின் என்று மூன்று வலி மருந்துகளையும் ஏற்றுவார்களாம். "இத்தனை மருந்துக்குப் பிறகு எழுந்திருக்குமா?" என்கிறார்.

நானும் இந்தக் கரையோரத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன்தான். எனக்குப் பயம் மருந்துகளின் எண்ணிக்கையில் இல்லை, வாயுவின் அளவில். வாயு நினைவைத்தான் போக்கும், வலியை நிறுத்தாது. எலும்பைத் துளைக்கும்போது அந்த வலி தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும், நாடி எகிறும். அதை அடக்க வாயுவைக் கூட்டினால் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் சரியும். சராசரி பிரஷர் 60க்குக் கீழே இறங்கி நின்றுவிட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு.

வலி மருந்து சீராக உள்ளே போனால் வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம். ஃபென்டனில் இருந்தால் ஏறக்குறைய பாதியாகக்கூட. போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் எங்களைப் போன்ற சின்ன கிளினிக்குகளுக்கு அது எட்டாத மருந்து. கெட்டமினைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் அளவில்தான் விடுவார்கள். அது மயக்கும் அளவே இல்லை. வலி மேல் வலி ஏறித் தண்டுவடம் கூசிப்போகாமல் தடுக்கத்தான். லிக்னோகெயின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம் என்றால், 15 கிலோ நாய்க்கு 2 சதவீத மருந்தில் மணிக்கு 2.25 மில்லி. அட்ரினலின் கலக்காததாக இருக்க வேண்டும். வண்டியில் அடிபட்ட நாய்க்கு ஓரிரு நாளில் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போவதுண்டு. அதற்கும் இதே லிக்னோகெயின்தான் மருந்து.

இதற்கெல்லாம் சிரிஞ்ச் பம்ப் வேண்டும். சொட்டை எண்ணி ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, காலை நகர்த்தினாலே வேகம் மாறிவிடும்.

எழுந்திருக்குமா என்றால், வாயுவை நிறுத்திய சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் விழித்துவிடும். வலி மருந்து இல்லாமல் விழிக்கும் நாய் ஊளையிட்டுப் பிளேட் வைத்த காலை உதறும். அதனால் பிறகும் வேகத்தைக் குறைத்துத் தொடர்வார்கள்.

ஃபென்டனிலில் மூச்சு மந்தமாகும், நாடியும் இறங்கும், அது மெய்தான். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிரஷரையும் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவையும் கடைசிவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பாரா?

வீட்டில் பூனையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளை அதற்கு ஆபரேஷன் என்றால் லிக்னோகெயினை இப்படி ஏற்றச் சொல்லாதீர்கள். பூனையின் இதயம் தாங்காது.