உறை போட்ட ஈசிஜி மெஷின்

அன்புள்ள மேடம்,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 26 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். வயது 55. டாக்டரே உங்களுக்கு எழுதுகிறாரா என்று சிரிக்காதீர்கள்.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. பண்ருட்டிக்காரர் ஒருவர், சர்க்கரை 300 இருக்கும்போது, "பலாப்பழத்தை விட முடியலை சார்" என்று சிரிக்கிறார். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கும்தான் எட்டு வருடமாகச் சர்க்கரை. நான் வாயைக் கட்டவில்லையா? 11 வருடம் கூடவே இருந்த நர்ஸ், "சார் முன்ன மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் கூகுளைப் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறார்கள். 2011-ல் தானே புயல் அடித்தபோது, மரம் விழுந்து கிடந்த தெருவில் நடந்தே வந்து டார்ச் வெளிச்சத்தில் தையல் போட்டவன் நான். யாருக்கு நினைவிருக்கிறது?

போன மாதம் ஓர் அம்மா நெஞ்செரிச்சல் என்று வந்தார். எனக்கும் இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் அப்படித்தான் இருக்கிறது, உட்கார்ந்தால் போய்விடும், கேஸ்தான். நான் போட்டுக்கொள்ளும் பான்டோபிரசோல் என்கிற அசிடிட்டி மாத்திரையையே அவருக்கும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மகன் புதுச்சேரிக்குக் கூட்டிப்போக, அங்கே ஸ்டென்ட் வைத்தார்களாம். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். ஈசிஜி மெஷின் பக்கத்திலேயேதான் இருந்தது, அன்று ஏனோ உறையைக் கழற்றவில்லை. அது போகட்டும்.

நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நானாகப் போய்க் கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் இல்லையா? கோபம் குறைய என்ன வழி?

- பெயர் வேண்டாம், கடலூர்

டாக்டர் சார்,

நர்ஸையும் பலாப்பழத்தையும் அப்புறம் பார்க்கலாம். "அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் போகவிட எனக்கு மனமில்லை.

வயது 55, எட்டு வருடச் சர்க்கரை, படி ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகிற எரிச்சல். ஒரு மாணவன் இதற்குக் 'கேஸ்' என்று பரீட்சையில் எழுதினால் எத்தனை மார்க் போடுவீர்கள்? பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வெறும் எரிச்சலாகவோ மூச்சிரைப்பாகவோகூட வரலாம் என்பது எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாமலா? அந்த அம்மா சொன்னது உங்கள் நோயை. அவருக்காக உறையைக் கழற்றியிருந்தால், அடுத்து நீங்கள் அந்த மேஜையில் படுத்தாக வேண்டும். அதனால் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட சமாதானத்தை அவருக்கும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பண்ருட்டிக்காரர் மேல் வந்த கோபமும் இங்கேதான் கிளம்புகிறது. அவர் தன் தப்பைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டுவிட்டார். உங்களால் அது முடியவில்லை. நர்ஸ் விஷயத்தில் நான் அவர் பக்கம். 11 வருடம் பக்கத்தில் நின்றவர், உங்களுக்கு முன்னால் அவர் கவனித்துவிட்டார்.

டாக்டருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், "அவருக்கே இப்படியா" என்று ஊரே பேசும். அந்தப் பயம் புரிகிறது. தானே புயலில் நடந்து வந்தவருக்குப் படுத்துவிடுவோமோ என்ற பயம் இன்னும் அதிகமாகவே இருக்கும். ஆனால் உலக மருத்துவச் சங்கம் 2017-ல் மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, சிறந்த சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்வேன் என்று ஒரு வரி சேர்த்தது. யாருக்காக அந்த வரி என்று போன மாதம் வந்த அம்மாவை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்றைக்கே இதய மருத்துவரிடம் போங்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு. சும்மா இருக்கும்போதே எரிச்சல் வந்தாலோ வியர்த்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு நீங்களே ஈசிஜி எடுத்து நார்மல் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். டாக்டர் நண்பருக்குப் போன் போட்டு, 'லேசா எரியுதுப்பா' என்று பேச்சோடு பேச்சாக முடிப்பதும் கூடாது. சட்டையைக் கழற்றிவிட்டு இதய மருத்துவர் முன்னால் படுங்கள்.

அப்புறம் அந்த அம்மாவின் மகனைப் பார்த்து, "அன்றைக்கு ஈசிஜி எடுத்திருக்க வேண்டும், எடுக்காமல் விட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு வந்தால், நர்ஸைக் கூப்பிடுவது ஒன்றும் கஷ்டமாக இருக்காது.